தோளில் சுமக்கும் வானொலி நிலையம்



ஹாம் வானொலியைப் பற்றி ஒரு மாதம் பேசலாம். எனக்குக் கொடுத்திருப்பது ஒரு மாலைப்பொழுது. ஆகவே ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறேன். புதிதாக ஹாம் ஆகிறவர் தன் முதல் நிலையத்தை வீட்டுக்குள் அமைக்க வேண்டாம். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போகட்டும். தோப்புக்குப் போகட்டும், குன்றுக்குப் போகட்டும், கடற்கரைக்குப் போகட்டும். அங்கே கற்கிற வானொலிதான் கடைசிவரை கைகொடுக்கும். இதுதான் நான் சொல்ல வந்தது.

இந்த அரங்கில் ஹாம் என்ற பெயரையே இன்று முதன்முதலாகக் கேட்பவர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வார்த்தை. அரசிடம் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, தனக்கென ஒரு கால்சைன், அதாவது அழைப்புப் பெயர், பெற்று, இலாப நோக்கம் எதுவும் இல்லாமல், சொந்த ஆர்வத்தால் வானொலி அலைகளில் பேசுகிறவர் ஹாம். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ஒரு ஹாம். வி.யு.2 ஆர்.ஜி. என்பது அவருடைய கால்சைன். நம் நாட்டில் 12 வயது நிறைந்தவர் இந்தத் தேர்வை எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள். முதல் நிலைக்கு, புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் முறையில் தேர்வு கிடையாது. அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தேறக்கூடிய தேர்வு அது.

தேர்வில் தேறிய பிள்ளைகள் அடுத்து என்ன செய்கிறார்கள்? அங்கேதான் பலருக்குத் தடை வந்துவிடுகிறது. "சார், நாங்கள் இருப்பது வாடகை வீடு. மொட்டை மாடியில் கம்பி கட்ட வீட்டுக்காரர் விடமாட்டார்." "சார், நல்ல செட் வாங்க லட்ச ரூபாய் வேண்டுமாமே." "சார், டவர் இல்லாமல் பேச முடியுமா?" இந்தக் கேள்விகளை நான் எல்லா ஊர்களிலும் கேட்கிறேன். இவற்றால் உரிமம் பீரோவுக்குள் போய்விடுகிறது. கால்சைன் ஒரு தடவைகூட ஒலிக்காமலே கிடக்கிறது.

இவர்களுக்கு நான் சொல்லும் பதிலை வரலாறு முன்பே சொல்லிவிட்டது. 1901ஆம் ஆண்டு மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்ப முயன்றார். இங்கிலாந்தின் போல்டூவில் ஒரு நிலையம், அமெரிக்காவின் கேப் காட்டில் ஒரு நிலையம். இரண்டிலும் கம்பங்களை வட்டமாக நட்டுப் பிரம்மாண்டமான ஆன்டெனாக்களை எழுப்பினார். என்ன ஆயிற்று? செப்டம்பரில் அடித்த புயலில் போல்டூ கம்பங்கள் விழுந்தன. நவம்பரில் கேப் காட் கம்பங்களும் விழுந்தன. பெரிய கட்டுமானம் தரையில் கிடந்தது. மார்க்கோனி அத்தோடு விட்டுவிட்டாரா? இல்லை. போல்டூவில் எளிய ஆன்டெனா ஒன்றை மறுபடி கட்டச் செய்துவிட்டு, உதவியாளர்கள் இருவரோடு கப்பலேறி நியூஃபவுண்ட்லாந்துக்குப் போனார். சிக்னல் ஹில் என்ற குன்றின் மேல், பலத்த காற்றில், ஒரு பட்டத்தைப் பறக்கவிட்டார். அந்தப் பட்டம் தூக்கிப் பிடித்த ஏறத்தாழ 150 மீட்டர் கம்பிதான் ஆன்டெனா. டிசம்பர் 12ஆம் தேதி, அந்தக் கம்பி வழியாக, மூன்று புள்ளிகளால் ஆன எஸ் என்ற எழுத்தைக் கேட்டதாக உலகுக்கு அறிவித்தார்.

கவனியுங்கள். நட்டுவைத்த கம்பங்கள் விழுந்தன. கையில் எடுத்துப் போன கம்பி எழுந்து நின்றது. வானொலி உலகம் பெற்ற முதல் பாடங்களில் இது ஒன்று.

இன்னொரு பாடமும் உண்டு. 1912இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்கள் அரசுக்கும் வணிகத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டன. தொலைதூரத்துக்கு உதவாது என்று அன்று கருதப்பட்ட குறுகிய அலைகள் அமெச்சூர்களுக்கு, அதாவது ஹாம்களுக்கு, விடப்பட்டன. அவர்கள் அந்த அலைகளை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? 1923 நவம்பரில், பிரான்ஸின் நீஸ் நகரத்து லியோன் டெலோயும் அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெல், ஜான் ரைனார்ட்ஸ் ஆகியோரும் சுமார் 110 மீட்டர் அலைநீளத்தில் அட்லாண்டிக்கின் இருகரையிலிருந்தும் பேசிக்கொண்டார்கள். உதவாது என்று தள்ளப்பட்டதை வைத்துக் கடலைக் கடந்தவர்கள் நம் முன்னோர்கள். அந்த மரபில் வந்த நாம், வாடகை வீட்டைக் காரணம் காட்டி உட்காரலாமா?

சரி, வெளியே போனால் அப்படி என்ன கிடைக்கிறது? மூன்று கிடைக்கின்றன.

முதலாவது, அமைதி. நம் வீடுகளில் எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் ஓயாமல் வானொலி இரைச்சலை எழுப்பிக்கொண்டிருக்கின்றன. நம் காதுக்கு அது கேட்காது. ஆன்டெனாவுக்குக் கேட்கும். நகரத்து வீட்டில் செட்டைப் போட்டால் யாரும் பேசாதபோதே, சிக்னலின் பலத்தைக் காட்டும் மீட்டரின் முள் எஸ் 7 வரை ஏறி நிற்கும். மெல்லிய குரல்கள் எல்லாம் அந்த இரைச்சலுக்கு அடியில் புதைந்துவிடும். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது காதோடு காதாகச் சொன்ன ரகசியம் கேட்குமா? அந்த நிலைதான். அதே செட்டை மின்கம்பி இல்லாத ஒரு தோப்புக்குக் கொண்டுபோங்கள். முள் கீழே இறங்கிப் படுத்துவிடும். வீட்டில் இல்லவே இல்லை என்று நினைத்த நிலையங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

இரண்டாவது, உயரம். கைக்கடக்கமான வி.எச்.எஃப். செட்டின் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். பூமி வளைந்திருப்பதால் ஓரளவுக்கு மேல் அது எட்டாது. எவ்வளவு எட்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. உங்கள் உயரம் எத்தனை மீட்டரோ அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள். கிலோமீட்டரில் விடை வரும். சமதரையில், 2 மீட்டர் உயரத்தில் செட்டைப் பிடித்தால் 6 கிலோமீட்டர்கூட இல்லை. சுற்றுநிலத்தைவிட 100 மீட்டர் உயர்ந்த குன்றில் ஏறினால் 41 கிலோமீட்டர். 400 மீட்டர் மலையில் நின்றால் 82 கிலோமீட்டர். எதிரே பேசுகிறவரும் ஓர் உயரத்தில் இருந்தால் அவருடைய தூரமும் இதோடு சேரும். செட் அதேதான், பேட்டரி அதேதான். கூடியதெல்லாம் உங்கள் கால்கள் ஏறிய உயரம். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் வாய்த்த தமிழ்நாட்டில் இருந்துகொண்டு டவர் இல்லையே என்று நாம் வருந்தலாமா?

மூன்றாவது, கடல். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நீரோரம் செங்குத்தாக நிற்கும் ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை தாழ்ந்த கோணத்தில், அடிவானத்தை ஒட்டி, வெகுதூரம் பாயும். 20 மீட்டர் அலைநீளப் பேண்டுக்கு 5 மீட்டர் நீளக் கம்பி ஒன்று நிமிர்ந்து நின்றால் போதும். கீழே மணலில் அதே நீளத்தில் சில கம்பிகளைப் பரப்ப வேண்டும். நம் மாநிலத்துக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டரைத் தொடுகிறது. அத்தனையும் ஹாம்களுக்கு இயற்கை தந்த வரம்.

இனி, செலவுக்கு வருகிறேன். ஹாம்கள் கியூ.ஆர்.பி. என்று ஒன்று சொல்வார்கள். குறைந்த சக்தியில் பேசுவது. மோர்ஸில் 5 வாட், குரலில் 10 வாட் என்பது பொதுவான வரம்பு. இந்தச் சக்தியில் இயங்கும் சிறிய செட்டுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, நம் ஊர் யு.பி.எஸ்.ஸில் இருக்குமே அதே பேட்டரி, அரை நாளுக்குக் குறையாமல் வரும். எடை கூடுதலாகத் தெரிந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அதில் பாதி எடையில் கிடைக்கிறது.

செட்டுக்கு எங்கே போவது? ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் என்ற ஹாம் இந்தக் கேள்விக்கு விடை தேடினார். இருபது ஆண்டுகளுக்கும் முன்பே பிட்எக்ஸ் என்ற ட்ரான்ஸீவரை, அனுப்பவும் கேட்கவும் ஒன்றாக உதவும் செட்டை, வடிவமைத்தார். எளிதில் கிடைக்கும் பாகங்களை வைத்தே செய்து முடிக்கலாம். விலை கூடிய காந்த வளையம் கிடைக்காத இடத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரில் கம்பியைச் சுற்றிக்கொள்ளலாம். வடிவமைப்பை அவர் பூட்டிவைக்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று உலகுக்கே கொடுத்துவிட்டார். இன்று பல நாடுகளில் ஹாம்கள் பிட்எக்ஸைத் தங்கள் கையால் செய்து பேசுகிறார்கள். நம் நாட்டில் பிறந்த ஒரு செட் உலகம் முழுவதும் கற்றுக்கொடுக்கிறது. இதைவிட நமக்கு வேறென்ன ஊக்கம் வேண்டும்?

அடுத்து ஆன்டெனா. அதை இப்போதே உங்கள் கண்முன் கட்டிக் காட்டுகிறேன். 40 மீட்டர் பேண்டுக்கு, இருபக்கமும் வயர் நீளும் டைபோல் ஆன்டெனா. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள், மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் சொச்சம். அதைப் பாதியாக வெட்டினால் பக்கத்துக்கு 10 மீட்டர். சாதாரண மின்சாரக் கடையில் கிடைக்கும் வயரே போதும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதில் இரண்டு வயரையும் கட்டி, ஒன்றைக் கோஆக்ஸ் கேபிளின் உள்கம்பியோடும் மற்றதை அதன் வலைக்கம்பியோடும் இணைத்துப் பற்றவையுங்கள். முனைகளில் நைலான் கயிறு. வேலை முடிந்தது.

இப்போது தோப்புக்கு வாருங்கள். மெல்லிய கயிற்றின் நுனியில் ஒரு சிறு மணல்பையைக் கட்டுங்கள். கீழே யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, உயர்ந்த கிளை ஒன்றின் மேல் வீசுங்கள். முதல் வீச்சில் விழாது. கவலை வேண்டாம், மறுபடி வீசுங்கள். பை கிளையைத் தாண்டி மறுபக்கம் இறங்கியதும், அந்தக் கயிற்றால் டைபோலின் நடுப்பகுதியை மெதுவாக மேலே இழுங்கள். வயர் இலைகளில் உரசிக்கொண்டே ஏறும். இரண்டு முனைகளையும் இருபக்கமும் சரித்துக்கொண்டு போய், ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். தலைகீழ் வி வடிவம் வந்துவிடும். மரமே இல்லாத பொட்டலா? 7 மீட்டர் மூங்கிலோ சவுக்குக் கட்டையோ நட்டு, மூன்று பக்கம் இழுத்துக் கட்டுங்கள். பிறகு, ஆன்டெனா செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பாருங்கள். 1.5க்குக் கீழே இருந்தால் நன்று. அதிகமாக இருந்தால் உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். எந்த அலைவரிசையில் குறைகிறது என்று முதலில் பாருங்கள். தாழ்ந்த பக்கம் குறைந்தால் வயர் நீளம், உயர்ந்த பக்கம் குறைந்தால் வயர் குட்டை. நீளமாக இருந்தால் முனையை மடித்துக் கட்டினாலே போதும்.

அடுத்தது என்ன? பேசுவதா? இல்லை, கேட்பது. கால்மணி நேரம் கேளுங்கள். தமிழிலேயே உரையாடுகிற ஹாம்களை 40 மீட்டரில் நீங்கள் கேட்கலாம். யார், எப்படி அழைக்கிறார்கள், எப்போது இடைவெளி விடுகிறார்கள் என்று கவனியுங்கள். காலியான இடம் கண்டால், "இங்கே யாராவது பேசுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, எல்லோருக்குமான அழைப்பாகிய சி.க்யூ. கொடுங்கள். "சி.க்யூ., சி.க்யூ., சி.க்யூ., திஸ் இஸ் விக்டர், யூனிஃபார்ம், த்ரீ..." என்று உங்கள் கால்சைனை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். பிறகு நிறுத்துங்கள். காத்திருங்கள். எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒரு குரல் உங்கள் கால்சைனைத் திருப்பிச் சொல்லும்! அதற்கு இணையான மகிழ்ச்சியை நான் வேறெதிலும் கண்டதில்லை. இடையில் இணையம் இல்லை, செல்போன் கோபுரம் இல்லை. உங்கள் கம்பி, அவர் கம்பி, இரண்டுக்கும் மேலே வானம். அவ்வளவே.

அந்த வானத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நமக்கு மேலே 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் அயனிமண்டலத்தின் எஃப் அடுக்கு இருக்கிறது. சூரியனின் புறஊதாக் கதிர் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிப்பதால் உண்டாகும் அடுக்கு அது. தாழக் கட்டிய 40 மீட்டர் டைபோலின் அலை, பகலில் பெரும்பாலும் செங்குத்தாக மேலேறி, அந்த அடுக்கில் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இறங்கும். மதுரையில் இருப்பவர் சென்னையோடும் பெங்களூரோடும் கொச்சியோடும் பேசலாம். மலை குறுக்கே நின்றாலும் கவலை இல்லை, அலை வருவது மேலிருந்து. இருட்டினால் எட்டும் தூரம் கூடும்.

இந்த அடுக்கின் பலம் சூரியப் புள்ளிகளோடு ஏறும், இறங்கும். ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு சுழற்சி. இப்போதைய சுழற்சி உச்சக்கட்டத்தை எட்டியதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. இந்தப் புள்ளிகளை நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படமெடுத்துவரும் நிலையங்களில் ஒன்று எங்கே இருக்கிறது? நம் கொடைக்கானலில்! அடுத்தமுறை கொடைக்கானல் போகிற மாணவர்கள் ஏரியோடு திரும்பிவிடாதீர்கள். அந்தச் சூரிய ஆய்வகத்தையும் பாருங்கள். உங்கள் கம்பியிலிருந்து கிளம்பும் அலையின் போக்கைத் தீர்மானிப்பது அங்கே படமெடுக்கப்படும் சூரியன்தான்.

அதற்கும் மேலே போக ஆசையா? போகலாம். 2005 மே 5ஆம் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. ஹாம்களுக்காகவே இஸ்ரோ செய்தது. 2014 வரை அது உலக ஹாம்களின் குரலைச் சுமந்தது. 2025 ஜூலையில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து ஹாம் வானொலி வழியாக மாணவர்களோடு பேசினார். அந்த நிலையம் தலைக்கு மேலே கடக்கும்போது திறந்த மைதானத்தில் நின்று, 145.800 மெகாஹெர்ட்ஸில் செட்டை வைத்துக் கேட்டுப் பாருங்கள். வீரர்கள் பேசும் வேளையாக இருந்தால் கையடக்கச் செட்டிலேயே அவர்கள் குரல் கேட்கும். கேட்பதற்கு வெட்டவெளி வேண்டும். மறுபடியும் அதேதான்: வெளியே வாருங்கள்!

இவ்வளவு அழைத்துவிட்டு எச்சரிக்கை சொல்லாமல் விடமாட்டேன். பெற்றோர்களும் இதைக் கேட்க வேண்டும். மின்கம்பி ஓடும் இடத்தில் கயிறு வீசாதீர்கள், கம்பம் நடாதீர்கள். கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். கோடைப் பிற்பகலில் இடி முழங்கும் ஓசை கேட்டாலே கேபிளைக் கழற்றிவிட்டுப் பாதுகாப்பான கட்டடத்துக்குப் போய்விடுங்கள். குன்றின் உச்சியில் கம்பியோடு நிற்கும் ஆளை மின்னல் பொறுக்காது. காப்புக்காடு, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். உரிமத்தில் உள்ள முகவரியை விட்டு வெளியே நிலையம் அமைக்கும் விதிகளை முன்கூட்டியே படித்து, வேண்டிய அனுமதியைப் பெறுங்கள். உரிமத்தின் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். கம்பியும் செட்டுமாக ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் ஊர்க்காரர்கள் வந்து விசாரிப்பார்கள். விசாரிப்பது அவர்கள் கடமை. "வாங்கண்ணே, உட்காருங்க, கேட்டுப் பாருங்க" என்று ஹெட்போனைக் கொடுங்கள். சந்தேகத்தோடு வந்தவர் அடுத்த முறை உங்களுக்கு நல்ல மரமாகப் பார்த்துக் காட்டுவார்.

இப்போது நான் சொல்ல வந்ததன் உயிர்நாடிக்கு வருகிறேன். 2004 டிசம்பர். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் ஒரு குழுவை அந்தமானுக்கு அனுப்பியிருந்தது. தலைமை தாங்கியவர் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. நீண்ட காலமாக ஹாம் குரல் ஒலிக்காத தீவிலிருந்து உலகத்தோடு பேச வேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம். எடுத்துப் போன செட், எடுத்துப் போன ஆன்டெனா, போர்ட் பிளேரில் ஒரு விடுதி. உலகெங்கும் ஹாம்கள் அவரோடு ஒரு முறை பேசிவிட வரிசையில் நின்றார்கள். டிசம்பர் 26 காலை நிலம் அதிர்ந்தது. கடல் சுனாமியாக எழுந்தது. தொலைபேசிகள் ஓய்ந்தன. பாரதியின் வானொலி ஓயவில்லை. ஒரே நாளில் அந்தப் பயணம் அவசரச் சேவையாக மாறியது. தீவில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி, நிலப்பரப்பில் தவித்துக்கொண்டிருந்த உறவினர்களுக்கு ஹாம்கள் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

அவர்களால் அது எப்படி முடிந்தது? எடுத்துப் போகத் தெரிந்திருந்தது. இறக்கியவுடன் கட்டத் தெரிந்திருந்தது. இடம் மாறினாலும் பேசத் தெரிந்திருந்தது.

அதே நாளில் நாகப்பட்டினமும் கடலூரும் கன்னியாகுமரியும் பட்ட துயரம் உங்களுக்குத் தெரியும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கையில் செல்போன் இருந்தும் அழைக்க முடியாமல் தவித்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் கரையில் ஏறியபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. கோபுரம் இருந்தும் மின்சாரம் இல்லை, செல்போன் இருந்தும் சிக்னல் இல்லை. அப்படிப்பட்ட நாளில் யார் வேண்டும்? மாடியில் டவரும் மேசையில் லட்ச ரூபாய்ச் செட்டும் வைத்திருப்பவரா? அந்த டவரும் விழுந்திருக்கலாம், அந்த வீட்டிலும் மின்சாரம் இருக்காது. ஒரு பை, ஒரு பேட்டரி, 20 மீட்டர் வயர், ஒரு கயிறு, இவற்றோடு வந்து, முறிந்த மரத்திலும் கம்பியைக் கட்டி, அரை மணி நேரத்தில் மாவட்டத் தலைநகரைக் கூப்பிடத் தெரிந்தவர் வேண்டும். அந்தத் திறமை புயல் வந்த பிறகு வராது. மகிழ்ச்சிக்காகத் தோப்புக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அது கைக்கு வரும்.

மாணவச் செல்வங்களே, தேர்வுக்கு இந்த மாதமே விண்ணப்பியுங்கள். அதுவரை கேட்பதற்குப் பழகுங்கள். உங்கள் ஊர்ப்பக்கம் இருக்கும் ஹாமைத் தேடிப் போய், "அண்ணா, அக்கா, அடுத்த முறை வெளியே போகும்போது எங்களையும் கூட்டிப்போங்கள்" என்று கேளுங்கள். கயிறு பிடிக்கப் போங்கள், கம்பம் தாங்கப் போங்கள். மூத்த ஹாம்களே, உங்களிடம் சும்மா கிடக்கும் பழைய செட்டை இந்தப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பெற்றோர்களே, பிள்ளை கம்பியும் மூங்கிலுமாகக் கிளம்பினால் தடுக்காதீர்கள், கூடவே போங்கள்.

நம் கரைக்குப் புயல் இனியும் வரும். வரும் நாளில், கடலோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் தோளில் நிலையத்தைச் சுமந்துவந்து பேசத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். அதற்கான முதல் பயிற்சியை வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.